சாவைப் பற்றியே பேசும் நண்பரிடம் என்ன பேசுவது?

எமது அன்றாடப் பேச்சில் சாவு மிகச் சாதாரணமாக வந்துபோகும் ஒரு சொல்லாகும். வெயில் கொளுத்தினால் 'செத்துப் போனன்' என்கின்றோம். பரீட்சை வினாத்தாள் கடினமாக இருந்தாலும் அதே சொல்தான். பேரப்பிள்ளைகள் சூழ அமர்ந்திருக்கும் மூதாட்டி 'எமனுக்கு என்ரை விலாசம் மறந்து போச்சுது' என்று கூறிச் சிரிக்கின்றார். முஸ்லிம் வீடுகளில் கோபத்தின் உச்சியில் 'மௌத்தாகிட்டா நிம்மதி' என்ற வார்த்தை வெளிவர, அருகில் இருப்பவர் 'அஸ்தஃபிருல்லாஹ் சொல்லு' என்று அதட்ட, விடயம் அத்துடன் முடிந்துவிடுகின்றது.

இவ்வாறு சாவைச் சொல்லிச் சொல்லியே பழகிப்போன ஒரு மொழியில், ஒருவர் அதனை உண்மையாகவே சொல்லும்போது அது எமது காதில் ஏறாமற் போய்விடும் அபாயம் உண்டு. அதிலும், அதே நண்பர் அதே வார்த்தையைப் பத்தாவது தடவையாகச் சொல்லும்போது, கேட்பவருக்குக் கவலையை விட அலுப்பே முந்திக்கொள்கின்றது. இக்கட்டுரை அந்தப் பத்தாவது தடவையைப் பற்றியது.

மரணத்தைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். முதுமையில் வாழ்வை நிறைவாகப் பார்த்துவிட்டுப் புறப்பாட்டைப் பற்றிப் பேசுவது ஒருவகை அமைதி. கணவனை இழந்தவர் 'அவரோடு நானும் போயிருக்கலாம்' என்று சொல்வது பெரும்பாலும் பிரிவின் ஏக்கம். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் தாய் சாவைப் பற்றிப் பேசும்போது, அதில் நீதி கிடைக்காத களைப்பும் கலந்திருக்கின்றது. தீராத நோயுடையவர் வலியைப் பற்றிப் பேசுவதற்கு வேறு சொல் கிடைக்காமல் சாவைப் பற்றிப் பேசலாம்.

ஆயினும் இவற்றுள் எது எது என்று வெளியில் இருந்து ஊகிக்க முடியாது என்பதே சிக்கலாகும். சில மாற்றங்கள் எச்சரிக்கை தருகின்றன. முன்பு 'வாழ்க்கை வெறுத்துப் போச்சு' என்று பொதுவாகச் சொன்னவர் இப்போது 'நான் இல்லாட்டில் இவையள் நல்லா இருப்பினம்' என்று சொல்லத் தொடங்குவது, அதாவது தன்னை மற்றவர்களுக்கு ஒரு பாரமாகக் கணக்கிடுவது, அவற்றுள் முக்கியமானது. நித்திரை குலைவது, மதுவின் அளவு கூடுவது, பழைய கடன்களை அவசரமாகத் தீர்ப்பது, ஆசையாக வைத்திருந்த பொருட்களைக் கொடுத்துவிடுவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமாவது சொல்லி வைப்பது என்பனவும் கவனிக்கத் தக்கவை. நீண்ட நாள் கலக்கத்தின் பின்னர் காரணமின்றித் திடீரென வரும் அமைதியைக் கண்டு சுற்றியிருப்போர் நிம்மதி அடைவது வழமை. அந்த அமைதி சில வேளைகளில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதன் அடையாளமாக இருக்கக்கூடும்.

'குரைக்கிற நாய் கடியாது' என்ற பழமொழியை எம்மவர்கள் இந்த விடயத்திலும் பொருத்திப் பார்ப்பதுண்டு. சொல்லிக்கொண்டு திரிபவன் செய்யமாட்டான் என்பது பரவலான நம்பிக்கை. இது முற்றிலும் பிழையானது. தற்கொலையால் இறந்தவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன்னர் யாரிடமாவது சொல்லாலோ செயலாலோ அதனை வெளிப்படுத்தியிருந்தனர் என்பதையே உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து வலியுறுத்தி வருகின்றது. அடிக்கடி சொல்வது ஒரு மனிதர் தமக்குள் நடக்கும் இழுபறியில் எம்மையும் ஒரு பக்கத்தில் வந்து நிற்கும்படி கேட்பதாகும். சாக வேண்டும் என்ற எண்ணத்தில் முழுமையாக இருப்பவருக்கு அதை எமக்குச் சொல்ல வேண்டிய தேவையில்லை.

அப்படியானால் கேட்டுவிடுவதே வழி. நேரடியாகக் கேட்பதற்கு எம்மில் பலர் அஞ்சுகின்றோம். இல்லாத எண்ணத்தை நாமே உருவாக்கிவிடுவோமோ என்பது அந்த அச்சம். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பாடசாலைகளைச் சேர்ந்த 2300 இற்கும் அதிகமான மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2005 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு இதனையே சோதித்தது. ஒரு பகுதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டது, மறுபகுதியினரிடம் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் துயரமோ அத்தகைய எண்ணமோ கூடவில்லை. ஏற்கனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்கள், கேட்கப்படாத அத்தகைய மாணவர்களை விடச் சற்று இலேசாகவே காணப்பட்டனர். பின்னர் வந்த ஆய்வுகளும் இதற்கு மாறான முடிவைத் தரவில்லை.

எவ்வாறு கேட்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'பிழையான முடிவு ஒண்டும் எடுக்கமாட்டாய்தானே?' என்று கேட்பது எமது வழக்கம். இக்கேள்வி 'இல்லை' என்ற பதிலை முன்கூட்டியே கையில் திணித்துவிடுகின்றது. கேட்டவருக்கு நிம்மதி, பதில் சொன்னவருக்குக் கதவு அடைபட்டுவிடுகின்றது. (தமிழ்ப் பத்திரிகைச் செய்திகளில் நிலைபெற்றுவிட்ட 'தவறான முடிவெடுத்து' என்ற தொடரும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஏதோ கணக்கொன்றைப் பிழையாகச் செய்துவிட்டார் என்பது போன்ற தொனி அதில் இருக்கின்றது. அந்த மனிதர் எவ்வளவு காலம் வலியோடு இருந்தார் என்பது அதில் இல்லை.) அதற்குப் பதிலாக, தனிமையான ஓரிடத்தில், அவசரமின்றி, 'நீ அடிக்கடி சாவைப் பற்றிக் கதைக்கிறாய். உண்மையாகவே உயிரை விடவேணும் எண்டு யோசிக்கிறியோ?' என்று கேட்டுவிட்டு மௌனமாக இருப்பதே சிறந்தது. அந்த மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பிவிடக் கூடாது.

'ஓம்' என்று பதில் வந்தால் எமக்குள் உடனே எழுவது உபதேசம் செய்யும் உந்துதலே. உன்னை விடக் கஷ்டப்பட்டவர்கள் இல்லையா, முள்ளிவாய்க்காலில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களே வாழ்கிறார்கள், சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களே எழுந்து நிற்கிறார்கள் என்று அடுக்கத் தொடங்குவோம். இத்தகைய ஒப்பீடு ஒருவரை எழுப்பிவிட்டதை நாம் அறியோம். அது அவரது துயரத்துடன் வெட்கத்தையும் சேர்த்துவிடுகின்றது. முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு மீண்டவரே எம்முன் இருந்து இதைச் சொல்லக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மார்க்கத்தைக் கொண்டு கண்டிப்பது இன்னும் எளிதில் நேர்ந்துவிடுகின்றது. எமது சமயங்கள் யாவும் உயிரை மாய்த்துக்கொள்வதை விலக்கியுள்ளன என்பதில் ஐயமில்லை. துன்பத்தின் காரணமாக மரணத்தை விரும்பலாகாது என்பது நபிமொழி. நம்பிக்கையுள்ள ஒருவருக்கு அது பெரும் பாதுகாப்பாகவும் அமைகின்றது. ஆனால் அவருக்கு அது தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அவ்வெண்ணம் வருவதே அவரை இன்னும் நொறுக்குகின்றது.

அல்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில் வரும் ஓர் இடம் இங்கு சிந்திக்கத் தக்கது. பிரசவ வேதனையோடு பேரீச்ச மரத்தடிக்கு வரும் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்னரே இறந்து முற்றாக மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று புலம்புகின்றார். அவருக்குக் கிடைத்த மறுமொழியில் கண்டனம் இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் இருக்கின்றது. காலடியில் ஓடும் நீரைக் காட்டுதல் இருக்கின்றது. மரத்தை உலுக்கினால் பழம் விழும், உண்டு பருகி மனம் குளிர்வீராக என்ற அழைப்பு இருக்கின்றது. அதற்கும் மேலாக, மனிதர்களைக் கண்டால் இன்று யாருடனும் பேசுவதில்லை என்று நோன்பு நேர்ந்திருப்பதாகத் தெரிவிக்கும்படி கூறப்படுகின்றது. ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சிய ஒருவரிடமிருந்து, தன்னை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய சுமை அன்றைய பொழுதுக்கு இறக்கி வைக்கப்படுகின்றது.

கம்பன் காட்டும் அசோகவனத்திலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கின்றது. சீதை உயிரை விடத் துணிந்த வேளையில் அனுமன் கைகூப்பியபடி அவள் முன் தோன்றுகின்றான். தான் இராமனின் தூதன் என்று அறிவிக்கின்றான், அவளது ஐயங்களுக்கு எல்லாம் பொறுமையாக விடை கூறுகின்றான், கணையாழியைக் கொடுக்கின்றான். விவிலியத்தில் எலியா தீர்க்கதரிசி சாக விரும்பிப் படுத்தபோதும் தூதர் அப்பமும் தண்ணீரும் கொடுத்து அவரை உறங்க விட்டார். சமய நூல்களை மேற்கோள் காட்ட விரும்பும் நண்பர்கள் இவ்விடங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

கேட்ட பின்னர் அறிய வேண்டியது மூன்று விடயங்கள்: எவ்வாறு என்று யோசித்திருக்கின்றாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா, எப்போது என்று நினைத்திருக்கின்றாரா. இவற்றுக்குத் தெளிவான பதில் இருப்பின் நிலைமை அவசரமானது. அவரைத் தனியே விடக்கூடாது. அந்தப் பொருளை அவ்விடத்திலிருந்து அகற்ற வேண்டும். வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உடனடி ஆபத்தெனில் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்பியூலன்ஸ் சேவையை நாட்டின் எப்பகுதியிலிருந்தும் அழைக்கலாம்.

பொருளை அகற்றுவது என்பது சிறிய விடயமாகத் தோன்றலாம். எமது நாட்டின் அனுபவம் உலகுக்கே பாடமாக அமைந்தது இந்த விடயத்தில்தான். 1995 ஆம் ஆண்டில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவை எட்டி, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்தது. கடும் நச்சுத்தன்மை வாய்ந்த விவசாய மருந்துகள் 1984 முதல் படிப்படியாகவும், 1995 இலும், பின்னர் 2008 தொடக்கம் 2011 வரையிலும் தடைசெய்யப்பட்டன. 1995 இன் பின் பத்து ஆண்டுகளில் அந்த வீதம் ஏறத்தாழ பாதியாகியது. அக்காலத்தில் போர் தொடர்ந்தது, வறுமை நீங்கவில்லை, நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தோரின் தொகையும் குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள் என்பதே மாறியது. பிழைத்தவர்களில் பெரும்பான்மையோர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதைப் பல நாடுகளின் நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த உந்துதல் பலருக்குச் சில மணித்தியாலங்களில், சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தணிந்துவிடுவது. அந்த இடைவெளியைக் கடக்க உதவுவதே அருகில் இருப்பவரின் வேலை.

வீட்டிலேயே பூட்டி வைத்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். அநுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில் வீடுகளுக்குப் பூட்டக்கூடிய பெட்டிகளை வழங்கிச் செய்யப்பட்ட பெரும் ஆய்வொன்றின் முடிவு 2017 ஆம் ஆண்டு வெளியானது. பெட்டி வழங்கப்பட்ட கிராமங்களில் எதிர்பார்க்கப்பட்ட குறைவு ஏற்படவில்லை. பெட்டிக்கு ஒரு திறப்பு இருக்கின்றது. அது வீட்டில்தான் இருக்கின்றது. ஆகவே நண்பர் ஆபத்தான நிலையில் உள்ளபோது தோட்டத்து மருந்தோ, வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளோ அந்த வளவை விட்டே வெளியேற வேண்டும். உறவினர் ஒருவரின் வீட்டில் சில காலம் இருக்கட்டும்.

அடுத்து வருவது இரகசியம். 'ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு' என்று நண்பர் கேட்பார். அந்தச் சத்தியத்தைச் செய்யக்கூடாது. அதே வேளை, எமது ஊர்களில் ஒரு வார்த்தை ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும் வேகத்தை அறிந்தே அவர் கேட்கின்றார் என்பதையும் மதிக்க வேண்டும். தங்கையின் திருமணப் பேச்சு, பிள்ளையின் பாடசாலை, பள்ளிவாசலில் அல்லது கோயிலில் எழும் பார்வை என்று அவருக்கு இழப்பதற்கு நிறைய உண்டு. 'உன்ரை உயிர் சம்பந்தப்பட்ட விசயத்தை நான் தனிய வைச்சிருக்கேலாது. ஆரிட்டைச் சொல்லலாம் எண்டு நீயே சொல்லு' என்று கேட்கலாம். பெரும்பாலும் ஒரு பெயர் வரும். ஒரு மாமா, ஒரு ஆசிரியை, வெளிநாட்டில் இருக்கும் ஒரு அக்கா. அந்த ஒருவரிடம் சொன்னால் போதும். ஊரைக் கூட்ட வேண்டியதில்லை.

பொலிஸ் பயமும் இன்னும் நீங்கவில்லை. தற்கொலைக்கு முயற்சிப்பது குற்றம், வைத்தியசாலைக்குப் போனால் வழக்கு வரும் என்று நம்புவோர் இன்றும் உளர். அந்தச் சட்டப்பிரிவு 1998 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. உயிர்தப்பியவரை இன்று எந்த நீதிமன்றமும் அதற்காகத் தண்டிக்க முடியாது.

'அங்கொடை' என்ற ஊரின் பெயரையே ஒரு வசைச்சொல்லாக்கிய நாடு இது. உளநல வைத்தியரைப் பார்ப்போம் என்று சொன்னதும் 'எனக்கென்ன விசரே?' என்ற கேள்வி வருவது அதனால்தான். மனச்சோர்வு வைத்தியத்துக்கு இணங்கும் நோய் என்பதையும், மாவட்ட வைத்தியசாலைகள் பலவற்றில் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன, கொழும்புக்குப் போகத் தேவையில்லை என்பதையும் எடுத்துக் கூறலாம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் தமிழில் எழுதியும் பயிற்சி அளித்தும் இந்த வாயிலைத் திறந்து வைத்தனர். முதல் நாள் கிளினிக்குக்கு நண்பருடன் நாமும் போய் வாங்கில் இருப்பது, எந்த அறிவுரையையும் விடப் பயன் தருவதாகும். காலை ஏழு மணிக்குப் போய்ப் பதினொரு மணி வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நான்கு மணித்தியாலமே ஒரு மருந்துதான்.

நண்பர் கட்டாரிலோ ரொறன்ரோவிலோ இருந்து, நடுச்சாமத்தில் வட்ஸ்அப் அழைப்பில் இதைச் சொல்லும்போது என்ன செய்வது? எமது குடும்பங்களில் பாதிப்பேர் இன்று அப்படித்தான் இருக்கின்றார்கள். கடன்பட்டுப் போனவர், வேலை இழந்தவர், ஊருக்குத் தோல்வியோடு திரும்ப முடியாதவர். பேச்சைத் தொடர்ந்தபடியே அவர் எங்கே இருக்கின்றார், அறையில் வேறு யார் உள்ளனர் என்று கேட்டறிய வேண்டும். அறைத்தோழரின் அல்லது அங்குள்ள உறவினரின் இலக்கத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பது நல்லது. அழைப்பைத் துண்டிக்காமல், இன்னொரு தொலைபேசியில் அவர்களை எழுப்பலாம்.

இனி, அந்தப் பத்தாவது தடவை. ஆபத்தான ஓர் இரவு கடந்துபோகும். ஆனால் நண்பர் பேச்சை நிறுத்தமாட்டார். அடுத்த வாரமும் அதே வார்த்தை வரும். கேட்டவருக்குத் தான் செய்தது ஒன்றும் பயன்படவில்லை என்று தோன்றும். அழைப்பு வரும்போது தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கத் தோன்றும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜெரோம் மோட்டோ என்ற உளமருத்துவர் செய்த காரியம் இங்கு பொருத்தமானது. வைத்தியசாலையிலிருந்து வெளியேறியபின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரைத் தேர்ந்து, அவர்களுள் ஒரு பகுதியினருக்கு ஐந்து ஆண்டுகள் இடைக்கிடை சிறு கடிதங்கள் அனுப்பச் செய்தார். நலமாக இருக்கிறீர்கள் என நம்புகின்றோம், விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவிலான கடிதங்கள். அறிவுரை இல்லை, எந்தக் கோரிக்கையும் இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை மரணம், கடிதம் பெறாதவர்களிடையே இருந்ததை விடக் கணிசமாகக் குறைந்திருந்தது.

உலக சுகாதார நிறுவனம் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், உயிர்தப்பிய 1867 பேரிடையே நடத்திய ஆய்வும் 2008 ஆம் ஆண்டு இதே திசையைக் காட்டியது. ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை மட்டும். மறுபகுதியினருக்கு அத்துடன் ஒரு மணித்தியாலப் பேச்சும், 18 மாதங்களில் ஒன்பது தடவை சுகம் விசாரிக்கும் அழைப்பு அல்லது வருகையும். முதற்பகுதியினருள் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்தனர், மறுபகுதியினருள் 0.2 பேர். விசாரித்தவர்கள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் என்பது உண்மையே. ஆயினும் அந்த ஒன்பது அழைப்புகளில் நடந்தது என்ன என்று பார்த்தால், 'எப்படி இருக்கிறீர்கள், ஏதும் உதவி வேண்டுமா' என்பதற்கு அப்பால் பெரிதாக எதுவும் இல்லை.

நண்பர் ஒருவரால் இயலக்கூடியதும் இந்த அளவுதான். துயரத்தின் காரணத்தை நாம் தீர்க்க முடியாமற் போகலாம். நுண்கடன் கம்பனியின் தவணையை நாம் கட்ட முடியாது. காணாமற் போனவரைக் கொண்டுவர முடியாது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் போகலாம். சாவைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பதில்லை. சேர்ந்து தேநீர் குடிக்கலாம், கிரிக்கெட் பார்க்கலாம், அவரது சைக்கிளைத் திருத்தக் கொண்டுபோகலாம். 1953 இல் இலண்டனில் சமாரித்தன்ஸ் அமைப்பைத் தொடங்கிய சாட் வரா என்ற மதகுரு, தம்மைக் காண வந்தவர்களுக்கு வெளி அறையில் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த தொண்டர்களே பலரது சுமையை இறக்கிவிடுவதைக் கண்டார். அந்தத் தோழமை முறையைப் பின்பற்றி இலங்கையில் 1974 இல் ஆரம்பிக்கப்பட்டதே சுமித்ரயோ.

இருப்பினும் ஒருவர் மட்டும் இதனைத் தாங்கிக்கொள்ள முடியாது. எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருப்பவரின் நித்திரையும் கெடுகின்றது, குடும்பமும் தளர்கின்றது. இரண்டு, மூன்று பேர் முறை வைத்துக்கொள்வது கைவிடுவது ஆகாது. 'இரவு பதினொரு மணிக்குப் பிறகு என்னைப் பிடிக்கேலாட்டில் இந்த இலக்கத்துக்கு எடு' என்று சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணிநேரமும் இயங்குவது. 1333 என்ற இலக்கத்தில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். நண்பரைப் பற்றிய கவலையில் என்ன செய்வதென்று தெரியாதிருப்பவர்களும் தமக்காக இவ்விலக்கங்களை அழைக்கலாம்.